பழைய குட்டைக் குழல் இரட்டைத் துப்பாக்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் பறவை வேட்டைக்குப் போகிறவர்களில் ஒரு சாராருக்குப் பழைய துப்பாக்கி வகை ஒன்றின் மேல் தனிப் பற்று உண்டு. இரண்டு குழல்களும் அருகருகே அமைந்த 12 போர் ஷாட்கன் அது. ஷாட்கன் என்றால் ரவை எனப்படும் சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி, 'போர்' என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு. குழல் நீளம் 25 அல்லது 26 அங்குலம்தான். பெரும்பாலானவை இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் செய்யப்பட்டவை. எனக்கும் அந்தப் பற்று உண்டு. புதிதாக விசாரிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். இங்கே பேசுவதெல்லாம் உரிமத்தோடு, பருவ காலத்தில், சட்டம் அனுமதிக்கும் பறவைகளைச் சுடுவதைப் பற்றி மட்டுமே.

எத்தனை அங்குலம் இருந்தால் குட்டைக் குழல் என்று சொல்வது?

அந்தக் காலத்து வழக்கமான நீளம் 30 அங்குலம். இன்று அருகருகே குழல் கொண்ட துப்பாக்கிகளில் 28 அங்குலம் சாதாரணம். 27-ஐ நடுத்தரம் எனலாம். 26-உம் அதற்குக் கீழும் வந்தால் குட்டை. இந்தப் பக்கத்தில் முக்கியமாகப் பேசப்போவது 25 அங்குலத் துப்பாக்கி, அதாவது 63.5 செ.மீ. குழல் கொண்டது.

படங்களில் கொள்ளைக்காரர்கள் கோட்டுக்குள் ஒளித்து வைக்கும் அறுத்த குழல் துப்பாக்கிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது அந்த நீளத்துக்கென்றே கணக்குப் போட்டு, எடையைப் பங்கிட்டுச் செய்யப்பட்ட கருவி.

இதைத் தொடங்கி வைத்தவர் யார்?

25 அங்குலம் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் ராபர்ட் சர்ச்சில் (1886–1958). பிரதமர் சர்ச்சில் வேறு, இவர் வேறு. இவருடைய உறவினர் ஈ.ஜே. சர்ச்சில் 1891-இல் லண்டனில் துப்பாக்கிக் கடை தொடங்கினார். அவர் 1910-இல் இறந்ததும் தொழில் ராபர்ட்டின் கைக்கு வந்தது.

முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 1920களில், ராபர்ட் தன் 25 அங்குலத் துப்பாக்கியை முழு மூச்சாகச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ரோமன் எண்ணில் இருபத்தைந்து என்பதையே அதற்குப் பெயராக வைத்தார். லண்டனின் மற்றப் பெரிய கடைகள் 30 அங்குலமே கண்ணியமான நீளம் என்று நம்பிய காலம் அது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனால் ராபர்ட் வெறும் வியாபாரி இல்லை, சுடக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரும்கூட. துப்பாக்கியோடு அதைச் சுடும் முறையையும் சேர்த்தே விற்றார். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவர் பெயர் நிற்கிறது என்பது என் எண்ணம்.

அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. நீதிமன்றங்களில் துப்பாக்கி நிபுணராகச் சாட்சி சொன்னவர். 1927-இல் எஸ்ஸெக்ஸில் கட்டரிட்ஜ் என்ற காவலர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தோட்டா உறையின் அடியில் பதிந்த தடத்தை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, அது எந்தக் கைத்துப்பாக்கியில் இருந்து வந்தது என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர். விசாரணை 1928-இல் நடந்தது. கண்ணால் அளப்பதிலும் கையால் அளப்பதிலும் அவருக்கு இருந்த கூர்மை அவருடைய துப்பாக்கிகளிலும் தெரியும்.

அப்படியானால் அதற்கு முன்னால் ஏன் 30 அங்குலம் வைத்தார்கள்?

கருமருந்துதான் காரணம். கருமருந்து எரிந்து முழு வேகம் கொடுக்க நீளமான குழல் உதவியது. 1860களில் ஷுல்ட்ஸ மருந்தும், 1882-இல் ஈ.சி. மருந்தும், அவற்றைத் தொடர்ந்து மற்றப் புகையில்லா மருந்துகளும் வந்தன. இவை குழலின் முதல் ஓரடிக்குள்ளேயே பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடும். மீதி நீளம் ரவைகளுக்குச் சற்று வேகம் சேர்க்கும், அவ்வளவுதான். மருந்து மாறியும் நீளம் மட்டும் பழக்கத்தால் நீடித்தது.

குழல் குட்டையானால் தூரம் குறையுமே?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. சற்று நின்று கணக்குப் பார்ப்போம்.

குழலில் ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் வினாடிக்கு 5 முதல் 8 அடி வரை குறையும். 30-இல் இருந்து 25-க்கு வந்தால் ஏறத்தாழ 25 முதல் 40 அடி. தோட்டாவின் வேகமோ வினாடிக்கு 1,200 அடியை ஒட்டியது. 40 கெஜத்தில், மணிக்கு 40 மைல் வேகத்தில் குறுக்கே பறக்கும் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். ரவை போய்ச் சேரும் நேரத்தில் வரும் வித்தியாசம் வினாடியில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. அதற்குள் பறவை நகரும் தூரம் இரண்டு அங்குலம் அளவுக்குத்தான். ரவை விரியும் வட்டமோ 30 அங்குலத்துக்கும் மேல். இந்த வித்தியாசத்தால் பறவை தப்பித்துவிட்டது என்று சொல்ல யாராலும் முடியாது.

ரவை எவ்வளவு நெருக்கமாகப் போகும் என்பதைக் குழலின் நீளம் தீர்மானிப்பதில்லை. வாயருகே கடைசிச் சில அங்குலத்தில் இருக்கும் சிறு குறுகல் தீர்மானிக்கிறது. அதைத்தான் சோக் என்கிறோம். 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் விழும் ரவையின் பங்கு, குறுகலே இல்லாத குழலுக்குச் சுமார் 40 விழுக்காடு, லேசான குறுகலுக்கு 50, அரைச் சோக்குக்கு 60, முழுச் சோக்குக்கு 70. 25 அங்குலக் குழலிலும் இந்த நான்கையும் செய்து கொடுக்கலாம், செய்தும் இருக்கிறார்கள்.

நீளக் குழல் தூரம் சுடும் என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் போகவில்லை. வேட்டைக்காரர்களே சாதிக்கிறார்கள். தாளில் சுட்டுப் பாருங்கள் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்லும் பதில்.

தூரத்தில் வித்தியாசம் இல்லை என்றால் வேறு எதில்தான் வித்தியாசம்?

கையில். இதை எழுத்தில் விளக்குவது சிரமம், ஆனாலும் முயல்கிறேன்.

துப்பாக்கியின் மொத்த எடை ஒரு பக்கம். அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது இன்னொரு பக்கம். கையிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருக்கும் எடை, துப்பாக்கியைத் திருப்பும்போது நான்கு மடங்கு எதிர்ப்பைத் தரும். குழல் வாயில் ஐந்து அங்குலத்தை எடுத்தால் குறைவது என்னவோ நூறு கிராம் சொச்சம்தான். ஆனால் அது மிகத் தொலைவில் இருந்த நூறு கிராம். நீண்ட துறட்டியைத் திருப்புவதற்கும் கைத்தடியைத் திருப்புவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள்.

நல்ல 25 அங்குலத் துப்பாக்கியில் எடை பெரும்பாலும் இரண்டு கைகளுக்கு நடுவே திரண்டு நிற்கும். மொத்தம் 6 பவுண்டை ஒட்டி, அதாவது 2.7 கிலோவைச் சுற்றி இருக்கும். புதரிலிருந்து பறவை சடாரென்று எழும்போது துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவர வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை. கண் போன இடத்துக்கு அது வந்துவிடும். நாள் முழுக்கச் சதுப்பிலும் சரிவிலும் நடந்து, மாலையில் கை தளர்ந்த பிறகு வரும் கடைசிப் பறவைக்கு இந்த எடையின் அருமை தெரியும்.

அடர்ந்த காட்டில் இன்னொரு வசதியும் உண்டு. கிளைகளுக்கு நடுவே குழல் மாட்டாது. பம்ப் துப்பாக்கி, தானியங்கித் துப்பாக்கி ஆகியவற்றின் உடற்பகுதியே மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக நீளும். அதனால் 26 அங்குலக் குழல் போட்ட தானியங்கியைவிட 28 அங்குல இரட்டைக் குழல்கூட மொத்த நீளத்தில் சிறியதாக இருக்கும். 25 என்றால் கேட்கவே வேண்டாம்.

சர்ச்சிலின் சுடும் முறை என்பது என்ன?

கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காதே, குழலைப் பார்க்காதே, எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்று அளக்காதே. சுருக்கமாக இவ்வளவுதான். கண்ணும் உடலும் பறவையோடு திரும்ப, முன்கை அதே திசையில் குழலைத் தள்ள, பின்கட்டை கன்னத்துக்கு வந்து தோளில் பதிகிற அந்த நொடியிலேயே விசையை இழுத்துவிட வேண்டும். திரும்பும் வேகமே தேவையான முன்தூரத்தைக் கொடுத்துவிடும் என்பது அவருடைய வாதம்.

இந்த முறைக்கு லேசாக எழும்பும் துப்பாக்கி வேண்டும். அதோடு, அது சுடுபவரின் உடம்புக்கு அளந்து செய்ததாகவும் இருக்க வேண்டும். கன்னம் பதியும் உயரம் கால் அங்குலம் மாறினாலும் ரவை வேறெங்கோ போகும். அளவு சரியில்லாத 25 அங்குலத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு குட்டைக் குழலைத் திட்டுகிறவர்கள் பலர்.

குழல்களுக்கு மேலே ஓடும் அந்த ஒடுங்கிய பட்டை எதற்கு?

இரண்டு குழல்களையும் இணைத்து மேலே ஓடும் பட்டையை ரிப் என்பார்கள். சர்ச்சிலின் ரிப் உயர்ந்து, குறுகி, வாய்ப்பக்கம் போகப் போக மேலும் ஒடுங்கும். ஓரக்கண்ணால் பார்க்கும்போது குழல் உண்மையைவிட நீளமாகத் தோன்றும். 30 அங்குலத்துக்குப் பழகிய கண்ணைச் சமாதானப்படுத்த அவர் கண்டுபிடித்த வழி இது. பிற்பாடு பலர் இதைப் பின்பற்றினார்கள்.

எந்தப் பறவைகளுக்கு இது ஏற்றது?

திடீரென்று எழுந்து, கிட்டத்தில், கோணல்மாணலாகப் போகும் எதற்கும். முதலிடம் உட்காக்குக்கு. உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த, காட்டுக்குள் வாழும் பறவை இது. மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பறக்கும். பார்த்த ஒரு வினாடிக்குள் சுட்டால்தான் உண்டு. அடுத்து, ஹெதர் புதர் மேடுகளில் நாயோடு நடந்து எழுப்பும் கிரௌஸ் என்ற கோழியினப் பறவை. கௌதாரிக் கூட்டம் வேலியைத் தாண்டிச் சட்டென்று தலைக்கு மேல் வரும்போதும் இது கைகொடுக்கும்.

பருவங்கள் தெரியாதவர்களுக்கு: பிரிட்டனில் கிரௌஸுக்கு ஆகஸ்டு 12 முதல் டிசம்பர் 10 வரை. கௌதாரிக்கு செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. ஃபெசன்ட் என்ற நீண்ட வால் கோழியினப் பறவைக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. உட்காக்குக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அக்டோபர் 1, ஸ்காட்லாந்தில் செப்டம்பர் 1 தொடக்கம், முடிவு ஜனவரி 31.

எதற்கு ஒத்துவராது?

உயரமான ஃபெசன்ட்டுக்கு. டெவன், வேல்ஸ் போன்ற இடங்களில் செங்குத்தான பள்ளத்தாக்கின் அடியில் நின்றுகொண்டு, 40 கெஜத்துக்கும் மேலே வரும் பறவைகளைச் சுடும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. அதற்கு நிதானமான, தடையில்லாத நீண்ட வீச்சு தேவை. லேசான துப்பாக்கி தொடங்குவதும் சுலபம், நிற்பதும் சுலபம். கை நடுவில் தயங்கினால் குழலும் நின்றுவிடும், ரவை பறவைக்குப் பின்னால் போகும். நீளக் குழலின் கனமே அந்த வீச்சைத் தொடர்ந்து இழுத்துச் செல்லும்.

வாத்து வேட்டைக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே கனமான தோட்டா வேண்டும், அதைத் தாங்கக் கனமான துப்பாக்கி வேண்டும்.

உதை அதிகமா?

தோட்டாவைப் பொறுத்தது. பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த டபிள்யூ.டபிள்யூ. கிரீனர் சொன்ன பழைய கணக்கு ஒன்று உண்டு: துப்பாக்கியின் எடை, ரவையின் எடையைப் போல 96 மடங்காவது இருக்க வேண்டும். 1 அவுன்ஸ் ரவைக்கு 96 அவுன்ஸ், அதாவது 6 பவுண்டு. 25 அங்குலத் துப்பாக்கியின் எடை அதேதான். ஆகவே 28 கிராம் தோட்டா இதற்கு அளவானது. ஆங்கில 6-ஆம் எண் ரவையில் அந்த எடைக்குச் சுமார் 270 குண்டுகள் வரும், கிட்டத்துப் பறவைக்குத் தாராளம். 32 அல்லது 36 கிராம் போட்டுவிட்டுத் தோள் வலிக்கிறது என்றால் குற்றம் துப்பாக்கியுடையது இல்லை.

சத்தம் மட்டும் சற்று கூடுதல்தான். குழல் வாய் காதுக்கு அருகில் வந்துவிடுகிறது. காதுக் கவசம் போடாமல் சுடாதீர்கள்.

புதிய துப்பாக்கிகளும் குட்டைக் குழலோடு கிடைக்கின்றனவே, ஏன் பழையது?

இரண்டு விசைகள், நேரான பின்கட்டைப் பிடி, முன்கைக்குக் கீழே மெல்லிய ஒரு மரத்துண்டு: பழைய ஆங்கிலத் துப்பாக்கியின் அடையாளம் இவை. இரண்டு விசை என்பது காலாவதியான ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். முன்விசை விரிவாகச் சுடும் வலது குழலுக்கு, பின்விசை நெருக்கமாகச் சுடும் இடது குழலுக்கு. பறவை கிட்டத்தில் எழுந்தால் ஒன்று, தள்ளி எழுந்தால் மற்றது. விரலை நகர்த்தினால் போதும், ஒற்றை விசைத் துப்பாக்கியைப் போலக் குழலை மாற்றும் பொத்தானைத் தேட வேண்டாம். நேரான பிடி இருப்பதால்தான் கை வழுக்கிப் பின்விசைக்குப் போக முடிகிறது. ஒன்றுக்காக ஒன்று அமைந்த வடிவம் இது.

அப்புறம் வேலைப்பாடு. ஆன்சன், டீலி என்ற இருவர் 1875-இல் காப்புரிமை பெற்ற பாக்ஸ்லாக் அமைப்பு (சுடும் பொறி உடற்பகுதிக்குள்ளேயே இருப்பது) மிகக் குறைந்த பாகங்களில் நூற்றாண்டைத் தாண்டி உழைக்கிறது. சர்ச்சிலின் ஹெர்குலிஸ் அந்த வகை. சைட்லாக் வகையில் (பொறி பக்கத் தகடுகளில் இருப்பது) அவருடைய பிரீமியர், இம்பீரியல் போன்றவை உண்டு. அரத்தாலும் உளியாலும் ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து இழைத்த உலோகமும் மரமும் சேருமிடத்தில் நகம்கூட இறங்காது. அதைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மரியாதை கூடுகிறது.

சர்ச்சில் மட்டும்தானா? வேறு யாரும் செய்யவில்லையா?

நிறையப் பேர். அவருடைய வெற்றியைப் பார்த்து மற்ற ஆங்கிலக் கடைகளும் 25, 26 அங்குலத்தில் செய்தன. லண்டனின் சார்லஸ் லங்காஸ்டர் கடை 'ட்வெல்வ்-ட்வென்டி' என்ற பெயரில் 20 போர் அளவு லேசான 12 போரைக் கொண்டுவந்தது. அது நீளத்தைக் குறைப்பதைவிட எடையைக் குறைப்பதில் கவனம் வைத்தது.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள ஐபர் நகரத்து ஏ.ஒய்.ஏ. நிறுவனம், சர்ச்சில் பாணி ரிப்போடு 25 அங்குலத் துப்பாக்கியைப் பாக்ஸ்லாக்கிலும் சைட்லாக்கிலும் செய்தது. லண்டன் துப்பாக்கி எட்டாத பணமாகத் தெரிந்தால், நல்ல நிலையில் உள்ள ஏ.ஒய்.ஏ. ஒன்றை வாங்க நான் தயங்காமல் சொல்வேன். பிரான்சில் உட்காக் வேட்டைக்கென்றே குட்டையான, விரிவாகச் சுடும் 'பெகாசியே' துப்பாக்கி தனி மரபாக இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் கிரௌஸ் வேட்டைக்குப் பார்க்கர், ஃபாக்ஸ் போன்ற துப்பாக்கிகளை 26 அங்குலத்தில் விரும்பினார்கள். நாடு வேறானாலும் காடு அடர்ந்தால் குழல் குறைகிறது.

வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பெயரைப் பார்ப்பதற்கு முன் குழலைப் பாருங்கள். அரை அழிந்த பொறிப்பு, கீறிய மரம் எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். குழல் போனால் துப்பாக்கியே போன மாதிரி.

முதலில் குழல்களைக் கழற்றி, அடிக்கொக்கியில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, மரக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் ரிப் நன்றாக ஒட்டியிருக்கிறது. 'டப்'பென்று மட்டமாகக் கேட்டால் எங்கோ பற்றவைப்பு விட்டிருக்கிறது, உள்ளே நீர் இறங்கித் துருவும் பிடித்திருக்கலாம். அடுத்து வெளிச்சத்தைப் பார்த்துக் குழலுக்குள் நோக்குங்கள். உள்ளே தெரியும் வளைய நிழல்களில் உடைசல் இருந்தால் நசுங்கலோ வீக்கமோ இருக்கிறது. கரும்புள்ளிகள் துருக்குழிகள்.

குழல் சுவரின் தடிமனைக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். மிக மெல்லிய இடத்திலும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்காவது இருப்பது நல்லது என்று பெரும்பாலான துப்பாக்கித் தச்சர்கள் சொல்வார்கள். பழைய துப்பாக்கிகளைத் துரு நீங்கத் திரும்பத் திரும்ப உள்ளே கடைந்திருப்பார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே காகிதம் என்ற நிலை வரும்.

முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலைப் பூட்டி, துப்பாக்கியை லேசாக உலுக்குங்கள். ஆட்டம் தெரிந்தால் செலவு காத்திருக்கிறது. பூட்டுக்குப் பின்னால் மரத்தில் கீறல் உண்டா என்று பாருங்கள். கடைசியாக, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோய்க் கண்ணைத் திறங்கள். ரிப்புக்கு நேர் மேலே கண் நின்றால் அது உங்களுக்கானது.

பிறவியிலேயே குட்டையா, பிறகு வெட்டியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மிக முக்கியமான கேள்வி. குட்டைக் குழல் நாகரிகமான காலத்தில் நல்ல 30 அங்குலத் துப்பாக்கிகளையும் வெட்டிக் குறைத்தார்கள்.

குழல் வாயைப் பாருங்கள். இரட்டைக் குழலின் இரண்டு குழாய்களும் அடியில் தடித்து, முன்னே போகப் போக நெருங்கி, வாயில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். வெட்டியிருந்தால் அங்கே இடைவெளி இருக்கும், அதை ஈயப் பற்றாலோ உலோகத் துண்டாலோ அடைத்திருப்பார்கள். சோக் கடைசிச் சில அங்குலத்தில் இருப்பதால் வெட்டியதோடு அதுவும் போயிருக்கும். குறுகலே இல்லாத குழல் என்றால் சந்தேகப்படுங்கள். தொடர் எண்ணைக் கொடுத்தால், பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் செய்தபோது இருந்த நீளத்தைச் சொல்லிவிடும்.

வெட்டிய துப்பாக்கியில் எடைப் பங்கீடு கெட்டிருக்கும். முன்பக்கம் காற்றாடும், பின்பக்கம் கனக்கும். அதை வாங்கிவிட்டு 25 அங்குலத்தின் சுகம் இதுதான் என்று நினைத்துவிடக் கூடாது.

தோட்டா நீளம், சோதனை முத்திரை பற்றிச் சொல்லுங்கள்.

இதில் கவனக்குறைவு கூடாது. பழைய ஆங்கில 12 போர்களின் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. இன்றைய பொதுவான தோட்டா 70 மி.மீ. இந்த நீளம் சுட்டு விரிந்த பிறகு உள்ள அளவு. சுடாத தோட்டா மடிந்திருப்பதால் 70 மி.மீ. தோட்டா பழைய அறைக்குள் சிக்கலில்லாமல் நுழைந்துவிடும். ஆபத்து அங்கேதான். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னால் உள்ள குறுகலுக்குள் போய் அடைத்து, அழுத்தம் ஏறும். உள்ளே போகிறது என்பதால் பொருந்துகிறது என்று நினைக்காதீர்கள்.

பிரிட்டனில் விற்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் லண்டன், பர்மிங்ஹாம் அல்லது பிரிட்டன் ஏற்கும் வெளிநாட்டுச் சோதனைக் கூடத்தில் அதிக அழுத்தத் தோட்டா சுட்டுத் தேறியிருக்க வேண்டும். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-இல் பட்டயம் கிடைத்தது, பர்மிங்ஹாம் கூடம் 1813-இல் வந்தது. முத்திரைகள் குழலின் அடித்தட்டையில் இருக்கும். புகையில்லா மருந்துக்கான நைட்ரோ சோதனை முத்திரை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். 1954-க்கு முந்தைய துப்பாக்கியில் '12' என்ற முத்திரை இருந்தால், சோதனையின்போது குழலின் உள்விட்டம் 0.729 அங்குலம் என்று பொருள். இன்று அளந்தால் 0.740-ஐத் தொட்டுவிட்டது என்றால் சோதனைத் தகுதி போய்விட்டது. தகுதி இழந்த துப்பாக்கியை விற்பது அங்கே குற்றம்.

ஈய ரவைக்குத் தடை வருகிறதாமே?

ஆம். ஈயம் பறவைகளையும் அவற்றைத் தின்னும் விலங்குகளையும் நச்சாக்குகிறது. இங்கிலாந்தில் நீர்ப்பறவை வேட்டையில் 1999-இலேயே தடை வந்துவிட்டது. 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு, 1 விழுக்காட்டுக்கு மேல் ஈயம் உள்ள ரவைகளை மூன்றாண்டு இடைக்காலத்துக்குப் பிறகு தடை செய்யப்போவதாக அறிவித்தது.

பழைய துப்பாக்கிக்காரர்களுக்கு எளிய வழி பிஸ்மத். ஈயத்தைப் போலவே மென்மையானது, பழைய குழலையும் சோக்கையும் கெடுக்காது. ஈயத்தைவிடச் சற்று லேசு என்பதால் ஓரெண் பெரிய ரவையாக எடுங்கள். விலை பல மடங்கு அதிகம். ஆனால் ஒரு நாளில் நாலைந்து உட்காக்குக்கு மேல் சுடாத வேட்டைக்கு அது பெரிய செலவாகாது. எஃகு ரவை கடினமானது. மெல்லிய சுவரும் இறுகிய சோக்கும் உள்ள பழைய குழலில் துப்பாக்கித் தச்சரைக் கேட்காமல் போடாதீர்கள். ஈயத்தடை எனக்கு வருத்தம் தரவில்லை. வேட்டை நிலத்தை நேசிக்கிறவர்கள் அதில் நஞ்சு சிதறுவதை நியாயப்படுத்த முடியாது.

சட்டத்தில் சிக்கல் உண்டா?

பிரிட்டனின் 1968 ஆயுதச் சட்டப்படி ஷாட்கன் உரிமத்தில் வைத்துக்கொள்ள, குழல் 24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 25 அதற்கு மேலே இருப்பதால் சிக்கல் இல்லை. ஆனால் ஒட்டி நிற்கிறது. வாயில் சேதம் என்று சொல்லி ஓரிரு அங்குலம் வெட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

தமிழ்நாட்டில் வீட்டில் பழைய டபுள் பேரல் இருக்கிறது. இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

பராமரிப்பும் பாதுகாப்பும் பொருந்தும், வேட்டை பொருந்தாது. ஒரு காலத்தில் குளிர்காலத்தில் நீலகிரிச் சோலைகளுக்கு வலசை வரும் உட்காக்கை வெள்ளையர்கள் தேடித் தேடிச் சுட்டார்கள். வேட்டையைக் கட்டுப்படுத்த நீலகிரிக்கென்றே 1879-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. இன்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்தக் கதை முடிந்துவிட்டது, முடிந்ததும் நல்லதே. உட்காக் இன்னும் வருகிறது, பார்க்கலாம்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி உரிமத்தோடு இருந்தால் மூன்று விஷயங்கள். குழலைக் குறைக்க நினைக்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி அதற்குத் தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், குழலின் உள்ளும் புறமும் எண்ணெய் பூசி, தோல் உறையில் இல்லாமல் காற்றோட்டமான துணியில் சுற்றிக் கொடுங்கள். வாரக்கணக்கில் தோல் உறைக்குள் கிடந்தால் ஈரத்தை இழுத்துத் துருவேறும்.

விலை எப்படி?

இன்றைய மோகம் நீளக் குழல் மேல் இருப்பதால், ஒரே கடை, ஒரே தரம், ஒரே காலம் என்றால் 25 அங்குலம் 28, 30-ஐவிடக் குறைவாகவே போகும். பிரீமியர் வகை சைட்லாக் இன்னும் பெரும் பணம். பாக்ஸ்லாக் வகை சாதாரணச் சம்பளக்காரரும் சேமித்து வாங்கக் கூடியது. குழல் பழுதாகி, அடிப்பகுதியை வைத்துக்கொண்டு புதுக் குழாய் பொருத்திய துப்பாக்கிகளும் உண்டு. அவை இன்னும் மலிவு, சுடுவதற்குக் குறையில்லை.

உயரம் குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும்தான் இது என்கிறார்களே?

ராபர்ட் சர்ச்சிலே குட்டையான, கட்டையான மனிதர். ஆகவே அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. சிறிய உடல்வாகு உள்ளவர்கள் இதை எளிதாகக் கையாளுவார்கள். ஆனால் உயரமானவர்களும் அருமையாகச் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். உயரத்தைவிடச் சுடும் பாணிதான் தீர்மானிக்கிறது. சட்டென்று சுடுகிறவருக்கு இது பொருந்தும். பறவையை நெடுநேரம் தொடர்ந்து வந்து சுடுகிறவர் 28-ஐ எடுப்பது மேல்.

எங்கிருந்து தொடங்குவது?

வாங்குவதற்கு முன், சுடுபயிற்சித் திடலில் களிமண் தட்டுகளை வைத்துச் சுட்டுப் பாருங்கள். எழும்பி விலகிப் போகும் தட்டுகளும் தாழ்வாகக் குறுக்கே போகும் தட்டுகளும் இதன் பலத்தைக் காட்டும். உயரத் தட்டுகளையும் விடாமல் முயலுங்கள், உங்கள் கைக்கு எது வரவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். ஏற்கெனவே ஒன்றை வைத்திருப்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். போகும்போது 65 மி.மீ., 28 கிராம் தோட்டாப் பெட்டி ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். திடலில் விற்பது பெரும்பாலும் 70 மி.மீ. ஆகத்தான் இருக்கும்.